கராஜுக்குள் போன பெட்டி

அன்றைக்கு வீட்டில் இருந்தது நான். என் மனிசி. எங்கட ஒரே மகள். அவள் விரும்பின பொடியன். அவன்ர தாய். அவன்ர தகப்பன்.

வீடு தகனினியில். ஜூலை மாதம், பூமியின்ர இந்தத் தெற்குப் பக்கத்தில் நடுக்குளிர். ஞாயிறு மத்தியானம். பொடியன்ர ஆக்கள் முதல்முதல் வருகினம். கதை சரிவந்தால் கலியாணம். மகள் ரெண்டு நாளாய்ச் சாப்பிடவில்லை.

ஆக்கள் வருகினம் என்றால் எங்கட வீட்டில் ஒரு வழக்கம். மேசையில, நிலத்தில கிடக்கிறது எல்லாத்தையும் அள்ளிக் கராஜுக்குள் போட்டுக் கதவைச் சாத்துறது. காலமை மனிசி அள்ளினாள். நான் சாத்தினேன்.

அவர்கள் வந்து அரை மணித்தியாலத்தில் வீடு கொதித்தது. கூரையில் ஹீட்டிங்குக்கு வைத்த ஓட்டைகளால் சூட்டுக்காத்து கொட்டியது. தாய் பட்டுச்சேலைத் தலைப்பால் விசிறினா. தகப்பன் குளிருக்குப் பயந்தவர். உள்ளுக்குள் கனக்க உடுத்து வந்திருந்தார்.

“அண்ணை, பாத்ரூம் எங்க?”

தடிப்பாகப் போனார். மெலிந்து வந்தார். பத்து நிமிஷத்தில் திரும்பவும் போனார்.

“பாவம், சுகர் போல,” என்றாள் மனிசி என் காதுக்குள்.

ஹீட்டிங்குக்கு ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி உண்டு. வயர் இல்லை. டிவிக்குப் பக்கத்தில் இருக்கும். தான் இருக்கிற இடத்துச் சூட்டை அளந்து மெஷினுக்குச் சொல்லும். இருபத்தொன்று வந்தால் மெஷின் நிற்கும்.

பெட்டியைக் காணவில்லை.

யன்னலைத் திறந்தேன். மழை வந்து தாயின் சேலையை நனைத்தது. சாத்தினேன். மெயின் சுவிட்ச் கராஜுக்குள். எழும்பினேன். மனிசி கராஜ் கதவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

“எங்க போறீங்கள்?”

“சுவிட்ச்.”

“ஒண்டும் வேண்டாம். இருந்து தேத்தண்ணி குடியுங்கோ.”

தேத்தண்ணி சுடச்சுட வந்தது. ஒருத்தரும் தொடவில்லை. பொரிச்ச ரோல்ஸும் அப்படியே கிடந்தது.

தாய் எழும்பினா. “நாங்கள் வெளிக்கிடுவம். இவருக்கு பிரஷர்.”

மகள் என்னைப் பார்த்தாள். “டாட், ப்ளீஸ்.”

தகப்பன் முகத்தைத் துடைத்தார். “இதுக்கு ஒரு பெட்டி இருக்குமே, அண்ணை?”

“ஓம்.”

“எங்க?”

நான் மனிசியைப் பார்த்தேன். மனிசி கூரையைப் பார்த்தாள்.

அவளை விலத்திக் கதவைத் திறந்தேன். முதலில் புட்டுக்குழல் விழுந்தது. பிறகு குடை. பிறகு மடிக்காத உடுப்புக் கூடை. கூடைக்குள் பெட்டி. ஒன்பது காட்டியது. கராஜ் இருபத்தொன்றுக்கு வரும்வரை வீட்டைக் காய்ச்சுவம் என்று மெஷின் விடாமல் ஓடியிருக்கிறது.

பெட்டியை நிப்பாட்டினேன். தகப்பன் என்னைத் தாண்டிப் போய் அரிசிச் சாக்கில் இருந்தார்.

“அப்பாடா. இஞ்சயே இருந்து கதைப்பம்.”

தாய் சுத்திவரப் பார்த்தா. மனிசி தலையைக் குனிந்தாள்.

“எங்கட வீட்டில இதெல்லாம் கடைசி அறைக்குள்ள,” என்றா தாய். “கதவைச் சாத்த ரெண்டு பேர் தள்ள வேணும்.”

மனிசி சிரித்தாள். பிறகு எல்லாரும். தாய் கூடையை மடியில் வைத்துக் கதைத்தபடியே உடுப்பு மடித்தா. தகப்பன் குளிருது என்று பாத்ரூம் போனார். தடிப்பாக வந்தார். கலியாணம் ஜனவரியில் என்று முடிவாச்சு.

“ஹீட்டர் இல்லாத ஹோலாப் பாருங்கோ, அண்ணை,” என்றார் தகப்பன்.

அவர்கள் போன பிறகு மகள் சாப்பிட இருந்தாள். நான் பக்கத்தில் இருந்து அவள் சாப்பிட்டதை எண்ணினேன்.

ரோல்ஸ் பதினொன்று.