கம்ப்யூட்டருக்குள் பிரிந்துபோன பனியன் துணி

கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அறையும்...

வெளியே அடையாறின் மே மாத வெயில். உள்ளே கம்ப்யூட்டருக்காக ஓடும் ஏ.சி. எழுபதுகளின் மெட்ராஸில் கோடையிலும் ஸ்வெட்டர் போட்டவள் கஸ்தூரி. நாங்கள் எழுதும் புரோகிராமை அட்டைகளில் ஓட்டை போட்டுத் தருவது அவள் வேலை. மேற்கு மாம்பலத்திலிருந்து வருவாள். மதிய இடைவேளையில் அடுத்த ஸ்வெட்டரைப் பின்னுவாள்.

நான் ஆராய்ச்சி மாணவி. பனியன் துணியை எண்களாக எழுத முயன்றுகொண்டிருந்தேன். நூல் வளையம் ஒவ்வொன்றும் ஒரு கண்ணி. ஒரு கண்ணியின் வளைவுக்கு ஒரு சமன்பாடு. அதை வரிசை வரிசையாக அடுக்கினால் துணி. இழுத்தால் எவ்வளவு நீளும் என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும்.

சொல்லவில்லை.

ஒவ்வொரு முறையும் வரிசைகள் தனித்தனியே கழன்று ஓடின. நாளுக்கு ஒரு ஓட்டம்தான். காலையில் அட்டைக் கட்டைக் கொடுத்தால் மாலையில் தாள் வரும். வெள்ளிக்கிழமைக்குள் துணி நிற்காவிட்டால் தலைப்பை மாற்றிக்கொண்டு இரும்பு உத்தரம் பற்றிய ஆராய்ச்சிக்குப் போகச் சொல்லியிருந்தார் என் கைடு.

புதன் மதியம். டிபன் டப்பாவோடு எதிரே உட்கார்ந்த கஸ்தூரி, நான் வரைந்த கண்ணிகளை எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டி, இதுல எந்த நூல் மேல போவுது, எந்த நூல் அடியில போவுது?"

நூலின் தடிமன் அற்பம், அதனால் உயரத்தைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டேன் என்றேன்.

"அப்ப நீ கோக்கவே இல்லியே. பக்கத்துல பக்கத்துல படுக்க வெச்சிருக்க. இழுக்கவே வேணாம், தும்முனாலே பிரிஞ்சிடும்."

பின்னத் தெரிந்தவர்கள் இதைப் படித்துச் சிரிப்பீர்கள். துணியை லென்ஸ் வைத்துப் பார்த்தவள் நான். தாளில் தட்டையாக வரைந்து, தட்டையாகவே நம்பிவிட்டேன்.

உயரத்துக்கு ஒரு சமன்பாடு சேர்த்தேன். பதினோரு அட்டைகள். மற்றவர்களுடையதை ஒதுக்கிவைத்து என்னுடையதை முதலில் அடித்துத் தந்தாள்.

வியாழன் மாலை தாள் வந்தது. வரிசைகள் கழலவில்லை. இழுத்த பக்கம் நீண்டு, குறுக்கே சுருங்கியிருந்தது... நிஜப் பனியன் மாதிரியே.

அட்டையில் ஓட்டை போடும் பஞ்ச் அறைக்கு ஓடினேன். எண்கள் ஒன்றும் புரியவில்லை என்றாள் கஸ்தூரி. நீண்டதா என்று மட்டும் கேட்டாள். அன்று மயிலாப்பூருக்குப் பஸ் ஏறி இருவரும் ரோஸ் மில்க் குடித்தோம். வழியெல்லாம் சிரிப்பு. மறுநாள் கைடு தாளைப் புரட்டினார். உத்தரத்தைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை.

இப்போது லேப்டாப்பில் விரலால் இழுத்தால் முழுத் துணியும் வண்ணத்தில் நீள்கிறது. தப்பு செய்தால் அந்த நொடியே தெரிகிறது. அந்த நொடியே திருத்திவிடுகிறேன். சந்தோஷம்தான்.

என்ன, அந்தத் தப்பை இன்னொருத்தர் எட்டிப் பார்ப்பதற்குள் அது போய்விடுகிறது.