ஊர்க்காரன் யாரென்று கருமாதி வீட்டில் கேட்டார்கள்

“நாலு பேர் இருக்கற எடத்துல வச்சு என்னைப் போய்க் கேட்டாங்களேம்மா!”

தினமும் காலையில் கொடியில் துண்டை உலர்த்திக்கொண்டே ரத்தினவேல் அண்ணன் இதைச் சொல்வார். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் போகிற வழியில், எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பேன்.

“கேட்டா இல்லேன்னு சொல்ல வேண்டியதுதானே? சொன்னீங்களா?” என்பேன். மறுநாள் மறுபடி அதே பேச்சு.

அண்ணன் திருச்சியில் பெரியண்ணன் என்ற வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தார். சுதந்திரம் வந்த புதிதில், டெல்லியில் அரசியல் சட்டம் எழுதிக்கொண்டிருந்தபோது, ஜெகபர் அலி என்பவர் திருச்சியில் ஒரு வாரப் பத்திரிகை நடத்தினார். அதில் ‘ஊர்க்காரன்’ என்று பெயர் போட்டுக் கட்டுரைகள் வந்தன. எழுத்தறியாதவனுக்கு ஓட்டு கொடுக்கலாமா, கலெக்டரைக் கேள்வி கேட்க யாருக்கு உரிமை, இப்படி. டீக்கடையில் உரக்கப் படிப்பார்களாம். யார் எழுதுகிறார் என்பது மட்டும் தெரியாது.

எழுதினது அண்ணன்தான். குமாஸ்தா அரசியல் எழுதுகிறான் என்றால் கேஸ் கொடுக்கிற கட்சிக்காரர்கள் வக்கீலிடம் வர யோசிப்பார்கள் என்று புனைபெயர். வக்கீலுக்கும் ஜெகபர் அலிக்கும் மட்டும் தெரியும். அண்ணன் கோர்ட்டுக் காகிதங்களோடு கட்டுரையையும் எடுத்துப்போய் அச்சாபீஸில் கொடுப்பார். அங்கே இருந்தவர்கள், வக்கீல் எழுதிக் குமாஸ்தாவிடம் கொடுத்தனுப்புகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். வக்கீல் உயிரோடு இருந்தவரை, தான் எழுதினதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதையும் சொல்லியாக வேண்டும். ஜெகபர் அலி முந்திப் போய்ச் சேர்ந்துவிட்டார். அறுபத்தொன்றில் வக்கீலும் போனார்.

கருமாதிக்கு அண்ணன் போனார். வக்கீலின் மகன் வீரமலைக்கு மாமன் தலையில் உருமா கட்டுகிற நேரம். அந்த நேரத்தில் செத்தவரின் பெருமையைப் பேசுவது அவர்கள் வழக்கம். யாரோ ஒருத்தர், “ஊர்க்காரன்னு எழுதி நாட்டுக்கே புத்தி சொன்னவரு நம்ம பெரியண்ணன்தான்” என்றார். இன்னொருத்தர் திரும்பி, “ஏம்ப்பா ரத்தினவேலு, நீதானே கூடவே இருந்தே? உண்மைதானே?” என்று கேட்டார்.

தாலி கழற்றின வக்கீல் அம்மா ஒரு மூலையில் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார்கள். தலையில் புதுத்துணியோடு மகன் நின்றான். அண்ணன் சொன்னார், “ஆமாங்க.”

வீட்டுக்கு வந்து சொன்னதும் அவர் சம்சாரம் வள்ளிக்கண்ணு கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டாள்.

“ஏங்க, உங்களுக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?”

“எழவு வீட்டுல போயி இல்லேன்னு சொல்லச் சொல்றியா? அப்புறமா சொல்லிக்கலாம்.”

அந்த அப்புறம் வரவே இல்லை. வீரமலை கட்டுரைகளைத் தேடிச் சேர்த்துப் புத்தகமாகப் போட ஏற்பாடு செய்தான். விஷயம் தெரிந்து வள்ளிக்கண்ணு என்னை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். சத்திரம் பஸ் ஸ்டாப்பில் இறங்கி வக்கீல் வீட்டுக்கு நடந்தே போனோம். வீரமலை கெட்டவன் இல்லை. உட்கார வைத்து மோர் கொடுத்தான். வள்ளிக்கண்ணுதான் ஆரம்பித்தாள்.

“தம்பி, மண்ணெண்ணெய்க்கு வரிசையில நிக்கிறவளுக்குத்தான் சர்க்கார் எப்படி நடக்குதுன்னு தெரியும்னு ஒரு கட்டுரை இருக்கே. உங்கப்பா என்னைக்குத் தம்பி மண்ணெண்ணெய்க்கு நின்னாரு? அது நான் கடைக்காரன்கிட்ட போட்ட சண்டை. வந்து சொன்னேன், இவரு எழுதுனாரு.”

“அந்தச் சண்டை எனக்குத் தெரியும். இவளுக்கு அடுத்து நின்னவ நான்தான்” என்றேன்.

“அக்கா, அப்பாகிட்டேயும் அண்ணன் சொல்லியிருப்பாருல்ல? கட்டுரையையெல்லாம் காலேஜ் வாத்தியார்கிட்ட குடுத்துப் பார்த்தாச்சு. அப்பாவோட பழைய கோர்ட்டு மனுவெல்லாம் பக்கத்துல வச்சுப் பார்த்தாரு. அதே நடை, அதே வார்த்தைன்னு எழுதியே குடுத்துட்டாரு.”

“அந்த மனுவையெல்லாம் யாரு எழுதுனாங்கன்னு அவரைக் கேக்கச் சொல்லு!”

வக்கீல் சொல்வார், குமாஸ்தா எழுதுவார், வக்கீல் கையெழுத்துப் போடுவார். எல்லா வக்கீல் வீட்டிலும் நடப்பதுதான். இருபது வருஷம் வக்கீல் பேரில் போன எழுத்தெல்லாம் இவர் நடை. அதையே இவருக்கு எதிராகத் திருப்பிவிட்டார்கள்.

வீரமலைக்கு முகம் சுருங்கிவிட்டது. “எங்க வீட்டு வாசல்ல, எனக்கு உருமா கட்டுறப்ப, அண்ணன் வாயாலயே ஒத்துக்கிட்டாரு. அன்னைக்குச் சொன்னது பொய்னு அவரே வந்து சொல்லட்டும். நான் புத்தகத்தை நிறுத்திடறேன்.”

அது நியாயமான பேச்சு. அடுத்த பஸ்ஸில் வீடு திரும்பினோம்.

“ஒரே ஒரு தடவ போயி உங்க வாயால சொல்லிட்டு வாங்க. எனக்கு வேற எதுவும் வேணாம்” என்று வள்ளிக்கண்ணு அவரைத் துரத்தாத நாள் இல்லை. கடைசியில் ஒரு நாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். வீரமலை கோர்ட்டுக்குப் போயிருந்தான். வக்கீல் அம்மா காப்பி கொடுத்து, “அவருக்கு ஒரு பேரு நிக்கப் போகுதுன்னுதான் ரத்தினவேலு நான் உசிரோட இருக்கேன்” என்று அழுதார்களாம். இவர் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

வள்ளிக்கண்ணு அன்றைக்குத் திட்டவில்லை. “சாப்பிட வாங்க” என்றாள். அவ்வளவுதான்.

புத்தகம் வந்தது. அட்டையில் வக்கீல் படம். முன்னுரையில், பிரதியெடுத்து உதவிய குமாஸ்தா ரத்தினவேலுக்கு நன்றி என்று ஒரு வரி. வள்ளிக்கண்ணுவுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் படித்துக் காட்டினேன். அந்த ஒரு வரியை மறுபடி படிக்கச் சொன்னாள். மூச்சிரைப்பு அவளுக்கு முன்பே உண்டு. அடுத்த மாசியில் போய்விட்டாள்.

அவளுடைய கருமாதிக்கு வீரமலை வந்தான். அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, “இப்பவாவது சொல்லுங்கண்ணே, எழுதுனது யாரு?” என்று கேட்டான். அவனுக்கும் உள்ளே ஏதோ அரித்திருக்க வேண்டும்.

“உங்கப்பாதான் தம்பி” என்றார். “கேக்க வேண்டியவளே போயிட்டா. இனிமே யாருக்காகச் சொல்லணும்?” இதை என்னிடம், அவன் போன பிறகு.

அன்றிலிருந்து காலைப் புலம்பல் நின்றுவிட்டது. துண்டை உலர்த்துவார், உள்ளே போய்விடுவார். எத்தனையோ நாள் அந்தப் புலம்பலைக் கேட்டு எரிச்சல்பட்டிருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லாமல் இருப்பது அதைவிட மோசம். சமையல் ஏனோதானோ. நான் கொடுத்தனுப்புகிற குழம்பு பாதி திரும்பி வரும். கண்ணும் மங்கிவிட்டது.

திருச்சிப் பக்கம் வருகிறவர்கள் ஒரு நடை போய் அவரைப் பாருங்கள். அம்மா மண்டபம் பஸ் ஸ்டாப்பில் இறங்கி, குமாஸ்தா வீடு என்றால் யாரும் காட்டுவார்கள். சாயந்தரம் வீட்டில்தான் இருப்பார். புத்தகத்தைக் கையில் கொண்டுபோக வேண்டாம். நீங்கள் எழுதினதைப் படித்தோம் என்று மட்டும் சொல்லுங்கள். நான் எழுதவில்லை என்பார். சொல்லிவிட்டுப் போகட்டும். நீங்கள் எழுந்துவிடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள்.