நெத்திலியில் கிடந்த கம்பி

மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மெல்லிய கம்பியை ஒரு சின்னத் திருப்புளியின் தண்டில் சுற்றிக்கொண்டிருப்பார் தாக் ஜோங்மான். ஒரு சுற்று அடுத்ததோடு ஒட்டி உட்கார வேண்டும். நூலளவு இடைவெளி விழுந்தாலும் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். கடை வாசலில் நாலு பேர் காத்து நிற்பது கண்ணில் படாது.

"ஹேயின் அப்பா! அந்த டப்பாவை எடுங்கன்னு எத்தனை வாட்டி கத்துறது?"

"கை வேலையா இருக்கேன். இப்ப விட்டா சுருள் தளந்துடும்."

கை வேலையாம்! மனைவி மியோங்சுக்குக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்சோன் சந்தைக்குள் இருக்கும் அந்தத் தொடுகறிக் கடையில் விடிந்ததிலிருந்து முள்ளங்கி நறுக்குவதும் கீரை பிழிவதும் நெத்திலி வறுப்பதும் அவள்தான். ஜோங்மான் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். இதயத்தில் குழாய் வைத்த பிறகு சிகரெட்டை விட்டார். மகள் ஹேயின் ஒரு மின்சிகரெட் வாங்கிக் கொடுத்தாள். அதற்குள் சூடாகிப் புகை எழுப்பும் கம்பிச் சுருள்கள் அது விற்கும் கடையில் தயாராகவே கிடைக்கும். ஜோங்மான் ஒன்றை இழுத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"மிஷின் சுத்தினது. தகரத்தை நக்கின மாதிரி இருக்கு."

அன்று பிடித்தது கம்பிப் பைத்தியம். மின்சிகரெட் கடைக்காரன் அவர் தலையைக் கண்டாலே பெருமூச்சு விடுகிறான். ஒவ்வொரு கம்பியையும் நகங்களுக்கு நடுவே உருவிப் பார்ப்பார், வளைப்பார், நீட்டுவார், திருப்பிக் கொடுப்பார். கடைசியில் வாங்குவது எப்போதும் நைக்ரோம்தான். "கான்தல் கம்பி சோம்பேறி. பட்டனை அமுக்கினா ஒரு கொட்டாவி விட்டுட்டுத்தான் சூடாகும். நைக்ரோம் கூப்பிட்ட உடனே வரும்."

"கூப்பிட்டா வராதது இந்த வீட்டுல கான்தல் மட்டுந்தானா?" என்பாள் மியோங்சுக்.

அது அவர் காதில் விழாது. சுருளைக் கருவியில் திருகி, மின்சாரம் விட்டு, விளக்கை அணைத்துவிட்டு அவளைக் கூப்பிடுவார். "ஹேயின் அம்மா, ஓடி வா! நடுவுலேர்ந்து ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சிவக்குது பாரு!" கையெல்லாம் மிளகாய்த்தூளோடு வந்து பார்த்து, அவள் தலையாட்ட வேண்டும். அப்புறம் மிஞ்சிய நுனிகளை வெட்டுவார். டிக், டிக். வெட்டிய துண்டு எந்தப் பக்கம் பறந்தது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

போன மாதம் மருந்துக்கடை அம்மாள் ஒரு காகிதக் கைக்குட்டையை விரித்துக்கொண்டு வந்து நின்றாள். உள்ளே வெள்ளியாய் மின்னியது ஒரு துண்டுக் கம்பி.

"உங்க நெத்திலிக்குள்ள இருந்துச்சுங்க. நல்லவேளை, என் பல்லுல பட்டுச்சு. மாமனார் தட்டுல விழுந்திருந்தா முழுங்கியே இருப்பாரு."

வரிசையில் நின்றவர்கள் கையிலிருந்த பொட்டலங்களைத் தூக்கிப் பார்த்தார்கள். மியோங்சுக் இடுப்பை வளைத்து வளைத்து மன்னிப்புக் கேட்டாள். வறுத்த நெத்திலி மொத்தத்தையும் குப்பையில் கொட்டினாள். கம்பிச் சுருள்களையும் அதன் மேலேயே போட்டாள். "இனிமே கடைக்குள்ள கம்பி வந்தா நான் வெளிய போயிடுவேன்," என்றாள்.

அதன்பின் ஜோங்மான் கடைச் சுருளையே போட்டு இழுத்தார். பாதியில் கீழே வைத்தார். ஒரு மத்தியானம் குப்பை கொட்டப் போன மியோங்சுக், சந்தைப் பின்புறம் அவரைப் பார்த்தாள். சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த மீன்காரர்களுக்கு நடுவே, கண்ணை மூடி, மூக்கைத் தூக்கி, அவர்கள் விட்ட புகையை இழுத்துக்கொண்டு நின்றார். கம்பியைப் பார்த்தபோது வராத பயம் அவளுக்கு அப்போது வந்தது. கோபமும் கூடவே வந்தது. வாளியை அங்கேயே வைத்துவிட்டு, ஏப்ரனோடு மின்சிகரெட் கடைக்கு நடந்தாள்.

"எந்தக் கம்பிம்மா?"

"கீழ விழுந்தா காந்தத்துல ஒட்டணும்."

"அப்ப கான்தல்தான், நைக்ரோம் ஒட்டாது. ஆனா ஐயாவுக்கு அது பிடிக்காதே..."

"ஐயாவுக்குப் பிடிச்சதைப் பாத்துப் பாத்துத்தான் இந்த லட்சணம். இருபத்தாறாம் நம்பர் குடு. அதைவிடத் தடியா குடுத்தா சூடாகறதுக்குள்ள பொழுது போயிடும்."

இதெல்லாம் எப்போது தன் மண்டைக்குள் ஏறியது என்று நினைத்தபோது அவளுக்கு எரிச்சல் இன்னும் கூடியது. வழியில் இரும்புக்கடையில் ஒரு பெரிய காந்தமும் வாங்கினாள். இரண்டையும் கணவர் முன்னால் டொக்கென்று வைத்தாள்.

"இனிமே உங்க வேலை மாடி ரூம்ல. முடிச்சதும் தரை, சட்டை, செருப்பு எல்லாத்தையும் இதால தடவணும். அப்புறந்தான் சோறு."

ஜோங்மான் கம்பியின் பெயரைப் படித்தார். "கான்தலா..." என்று இழுத்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் மீதியை விழுங்கிக்கொண்டு மாடியேறினார்.

மறுநாள் காலை, புதிதாக வறுத்த நெத்திலியைக் கடை முகப்பில் வைக்கத் தட்டைத் தூக்கினாள் மியோங்சுக். "இரு," என்றார் ஜோங்மான். காந்தத்தைச் சுத்தமான பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, தட்டின் மேல் ஓரத்திலிருந்து ஓரம் வரை, துணிக்கு இஸ்திரிப் பெட்டி போடுவதுபோல நிதானமாக ஓட்டினார். வாசலில் மருந்துக்கடை அம்மாள் நின்றிருந்தாள். அவர் காந்தத்தைத் திருப்பி, எதுவும் ஒட்டாத அடிப்பக்கத்தை முதலில் அவளிடமும், பிறகு மனைவியிடமும் காட்டினார்.