குளத்துப் பச்சையும் ஆறு எலிகளும்

மலையடிவாரத்துக் கோம்பை ஊர்க்காரி சங்கிலியம்மாள் முதன்முதலாகக் கடலைப் பார்த்தது இருபத்து நான்காம் வயதில், கொச்சியில் கடலோரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்த அன்றுதான். சன்னலுக்கு வெளியே கிடந்த தண்ணீரில் கண்ணைக் கொண்டுபோய் எங்கே நிறுத்துவதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை வந்து பார்வையைத் தாங்கிக்கொள்ளும்.

கடலில் சில மாதங்களில் கண்ணுக்குத் தெரியாத பாசி பெருகும். அவற்றில் சில நஞ்சு. அவற்றைத் தின்கிற கல்லும்மக்காய் மட்டிக்கு ஒன்றும் ஆகாது. மட்டியைத் தின்கிற மனிதனுக்கு உதடு மரத்து, மூச்சு நிற்கும். அதனால் மட்டிச் சதையை அரைத்து, அமிலத்தில் கொதிக்கவைத்து, வடித்த சாற்றை வெள்ளெலிக்கு ஊசியில் ஏற்றுவார்கள். அதன் கடைசி மூச்சு எத்தனையாவது நிமிடத்தில் அடங்குகிறது என்பதை வைத்து நஞ்சைக் கணக்கிடுவார்கள். ஸ்டாப் வாட்சைப் பிடித்திருப்பது சங்கிலியம்மாள். எலி துவண்டதும் நேரத்தைச் சொல்லிவிட்டுச் சன்னலோரம் போய் நிற்பாள். அலைகள் தூக்கத்தில் புரள்வதுபோல் புரண்டுகொண்டிருக்கும். எட்டு வருடம் அப்படியே போயிற்று.

2002 சித்திரையில் விடுப்பில் ஊருக்கு வந்தபோது, அண்ணன் செல்லப்பாண்டியின் ஆடுகள் பதினொன்று ஒரே காலையில் குளக்கரையில் விழுந்து செத்திருந்தன.

"ஒச்சாண்டி மருந்தடிச்ச டின்ன குளத்துல கழுவிருக்கான். நாளைக்கு ஸ்டேசன்ல எழுதிக் குடுக்கப்போறேன்" என்றான் அண்ணன்.

ஒச்சாண்டியின் திராட்சைத் தோட்டம் குளத்தை ஒட்டியது. அவர் கரையில் நின்றிருந்தார். சங்கிலியம்மாளைக் கண்டதும், "நான் கழுவலை ஆத்தா. சொன்னா யாரு நம்புறாக?" என்று மட்டும் சொன்னார்.

அவள் குளத்தைப் பார்த்தாள். காற்று ஒதுக்கிவிட்ட மேற்குக் கரையில் தண்ணீர் பெயிண்ட் கொட்டியதுபோல் கெட்டிப் பச்சையாக மிதந்தது. கிழக்குக் கரையில் அந்தப் பச்சை இல்லை. ஆடுகள் மேற்கே குடித்திருந்தன. விரலால் அந்தப் பச்சையை ஒதுக்கினாள். விலகி, மெல்ல மறுபடி கூடிக்கொண்டது. வெயிலில் நின்றபடி அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கடல் இங்கேயும் வந்துவிட்டதுபோல் இருந்தது.

"ரெண்டு நாள் பொறுண்ணே. அதுவரைக்கும் இங்கன ஒரு ஆட்டையும் விடாதீக."

இரண்டு கரைத் தண்ணீரையும் தனித்தனிப் பாட்டிலில் பிடித்து, ஐஸ் போட்ட வாளிக்குள் வைத்து, ஈரச் சாக்கால் மூடி பஸ் ஏறினாள். குமுளி மலையில் பஸ் வளைந்து ஏற, மடியில் வாளி குலுங்க, குளத்துப் பச்சையே கனவாகத் தூங்கி விழித்தாள்.

ஆய்வுக்கூடத்துத் தலைவி டாக்டர் ஏலியம்மா ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்து அவளைப் பார்க்கச் சொன்னார். கூழுக்குள் ஆயிரமாயிரம் குட்டி உருண்டைகள், கொத்துக்கொத்தாக, அசைவில்லாமல்.

"கடல் பாசியில்ல இது, நல்ல தண்ணிப் பாசி. ஆனா நஞ்சு பாசியோடதா, பூச்சிமருந்தோடதா?"

"பாசிய வடிகட்டி, சுத்தத் தண்ணில நாலஞ்சு தடவை அலசிருவோம் டாக்டர். தண்ணில மருந்து கலந்திருந்தா கழுவுல போயிரும். அப்புறமும் எலி செத்தா, பாசிதான்."

எட்டு வருடத்தில் அவள் தானாக ஒரு சோதனையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. டாக்டர் தலையசைத்தார்.

அலசிய பாசியை உறையவைத்து, உருக்கி, சாறெடுத்து மூன்று எலிகளுக்கு ஏற்றினார்கள். கிழக்குக் கரைத் தண்ணீரை வேறு மூன்றுக்கு. வாட்சைப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். எலி செத்தால் ஒச்சாண்டி தப்புவார்; அது சாக வேண்டுமென்றா தான் காத்திருக்கிறோம் என்று ஒரு மயக்கம் வந்து போனது. ஒன்றரை மணி நேரத்துக்குள் முதல் மூன்றும் துவண்டன. அறுத்துப் பார்த்தபோது ஈரல் வீங்கி, இரத்தம் கட்டிக் கருத்திருந்தது. மற்ற மூன்றும் தீனியைக் கொறித்துக்கொண்டிருந்தன.

டாக்டர் எழுதிக் கொடுத்த தாளோடு அவள் கோம்பைக்குத் திரும்பினாள். ஆடுகளைக் கொன்றது பாசிதான் என்று அவள் சொன்னதை அண்ணன் முழுவதும் கேட்டான்.

"பாசி எதுக்கு திடீர்னு இப்புடி பெருகுச்சு?"

"உரந்தாண்ணே. தோட்டத்துல போடுற யூரியாவும் டி.ஏ.பி.யும் வழிஞ்சு குளத்துக்குத்தான வருது. ஒச்சாண்டி மாமா தோட்டத்துல இருந்தும் வருது. நம்ம தோட்டத்துல இருந்தும் வருது."

செல்லப்பாண்டி தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒச்சாண்டி வீட்டுப் பக்கம் நடந்தான். அங்கே என்ன பேசினார்கள் என்று அவளிடம் இருவருமே சொல்லவில்லை.

மறுநாள் காலையில் இருவரும் குளத்தின் மேல்பக்கம் உரத் தண்ணீரைத் திருப்பிவிட வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மண்வெட்டி மட்டும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக விழுந்தது. பச்சை மிதந்த கரையில் முள் வெட்டிப் போட்டு அடைத்திருந்தது. சங்கிலியம்மாள் இருவருக்கும் மோர் ஊற்றிக் கொடுத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தாள். மலை மேல் மேகம் ஒன்று இறங்கி, நகராமல் நின்றது.