பத்துப் போக மிச்சம்

வேலை முடித்து அலுத்து வரும் ஆண்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பது ஓடுகிற ரயிலுக்குச் சாயம் பூசுகிற மாதிரி. சாயங்கால வகுப்பு எடுத்துத் தொண்டை வற்றிய என் இனத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பகலில் நான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கிடங்கில் கணக்கு எழுதும் கிராணி. ஐந்து மணிக்கு மேல் தேவாலயக் கூடத்தில் பதினொரு பேருக்கு வாத்தியார்.

டென் ஒன்

பத்துப் பேர் கடல் தாண்டி வந்த தண்டவாளக் கூலிகள். முனியாண்டி மட்டும் சிக்னல் கொட்டகை வேலைக்கு வாய்மொழிப் பரீட்சை கொடுக்க இருந்தவன். ஆட்குறைப்புப் பேச்சு அடிபட்ட காலம். தேறாவிட்டால் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அவன் மனைவி லெட்சுமிக்கோ நிறைமாதம்.

பத்து வரை கணீரென்று சொல்வான். அதற்குமேல் "டென் ஒன், டென் டூ"தான். எத்தனை முறை திருத்தினாலும் நாக்கு அங்கேயே போய் நிற்கும். ஒருநாள் பணிவாகக் கேட்டான்: "பத்தும் ஒண்ணும் சேந்தாதானே சார் பதினொண்ணு? இந்த லெவன்ல பத்து எங்க ஒளிஞ்சிருக்கு?"

பாதிரியார் சொன்னது

எனக்குத் தெரிந்தால்தானே. பாதிரியாரைக் கேட்டேன். பழைய இங்கிலீஷில் லெவன் என்றால் 'மிச்சம் ஒன்று' என்று பொருளாம். பத்தை எண்ணி முடித்த பிறகு நிற்கிற ஒன்று. ட்வெல்வ், மிச்சம் இரண்டு.

வகுப்பில் சொன்னதும் முனியாண்டி பத்து விரலையும் மடக்கினான். பக்கத்தில் இருந்த கூட்டாளி மாரிமுத்துவின் ஒரு விரலைப் பார்த்து, "லெவன்" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் பதிமூன்றுக்கு "த்ரெல்வ்" என்று அடம்பிடித்தான், மூன்று மிச்சமாம். இல்லை, தேர்ட்டீன், அதில் மூன்றும் பத்தும் இருக்கிறது என்றேன். மாரிமுத்து அவன் தோளைத் தட்டினான்: "பன்னெண்டு தாண்டுனதும் வெள்ளக்காரனுக்கும் நம்ம புத்தி வந்துருச்சு, விடு லா."

கடைசி பெஞ்சு

பரீட்சையில் துரை பதினோராம் எண் வண்டியைத்தான் காட்டினாராம். முனியாண்டி விரல்களை மடக்கி, மாரிமுத்து இல்லாத குறைக்குத் துரையின் விரலையே பார்த்து "லெவன்" என்றானாம். தேறிவிட்டான். அந்த வாரமே லெட்சுமிக்குப் பெண் குழந்தை.

சந்தோஷம் ஆறுவதற்குள் தண்டவாளக் கூலிகள் எல்லாருக்கும் சீட்டுக் கிழித்தார்கள். என் மாணவர்கள் பத்துப் பேரும் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் ஊருக்குக் கப்பலேறினார்கள். கையசைத்த மாரிமுத்து, ஒரு விரலை மட்டும் நீட்டிக் காட்டினான்.

அடுத்த வகுப்பு நாளில் பழக்க தோஷத்தில் கூடத்தைத் திறந்தேன். குழந்தை பிறந்ததற்குக் கற்கண்டு கொண்டுவந்த முனியாண்டி, என் கையில் கொடுத்துவிட்டு, வழக்கமான கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தான். முன்னால் எல்லாம் காலி. நான் சாக்குக் கட்டியை எடுத்துக்கொண்டு பலகைப் பக்கம் திரும்பினேன். பின்னாலிருந்து அவன் சொன்னான்: "சார், நான்தான் லெவன்."

சொல்லிக்கொடுத்த பாடம் ஒருவனுக்கு இவ்வளவு நன்றாகப் புரிந்துவிட்டதே என்று வருத்தப்பட்ட வாத்தியார் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.