ஸ்பிளிட் நகரில் ஆடிக் கடைசி வெள்ளி

பேருந்துப் படியில் கால் வைக்கும் முன் கற்பகவல்லி வாசல் கம்பியை உள்ளங்கையால் இறுகப் பிடிப்பார். பிடித்து, விட்டு, பிறகுதான் ஏறுவார். பின்னால் நிற்கிறவர்கள் எவ்வளவு முனகினாலும் சரி, உடம்பில் இருக்கிற கரண்டு இறங்க வேண்டும் என்பார். கல்யாணத்துக்கு முன்னால் ஏழாயிரம்பண்ணையில் பட்டாசு ஆபீஸில் வேலை பார்த்தவர். நம் பக்கத்தில் பட்டாசு ஆலையை ஆபீஸ் என்றுதானே சொல்லுவோம். வெடிமருந்து அறைக்குள் போகிறவர்கள், உடம்புக் கரண்டில் பொறி தட்டிவிடாமல் இருக்க, வாசலில் பதித்திருக்கிற செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். ஆபீஸை விட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது, கை மட்டும் விடவில்லை. சிவகாசி டவுன் பஸ்ஸிலும் தொட்டார், மதுரை விமான நிலையத்திலும் தொட்டார், குரோஷியா நாட்டில் ஸ்பிளிட் என்கிற கடற்கரை ஊரில் இறங்கும்போதும் தொட்டுவிட்டுத்தான் இறங்கினார்.

நூல் சேலை தவிர வேறு கட்டமாட்டார். உரசினால் பொறி கிளப்புகிற நைலான் கலந்த துணி வீட்டுக் கொடியில் காய்ந்தால்கூட அவருக்கு ஆகாது. பட்டுச் சேலையை மகள் கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்துக்கு மட்டும் உடுத்தி, அடுத்த நிமிஷம் மாற்றிவிட்டார் என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

அவரும் கணவர் இசக்கிப்பாண்டியும் திருத்தங்கலில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார்கள். நல்ல வியாபாரம் காட்டிய டீலர்களைக் கம்பெனிக்காரர்கள் கோடையில் வெளிநாட்டுக்கு ஜோடியாகக் கூட்டிப்போவார்கள். இந்த முறை குரோஷியா என்றதும் இசக்கிப்பாண்டி குளிர்கண்ணாடி வாங்கிவிட்டார். கற்பகவல்லி தேதியைக் கேட்டார். கேட்டதும் வரவில்லை என்றுவிட்டார். பயணத்தின் நடுவில் ஆடிக் கடைசி வெள்ளி விழுந்தது.

அந்த நாளில் அவருக்கு ஒரு கடன் உண்டு. தம்பி மாரிக்கண்ணன் பட்டாசு ஆபீஸில் நெருப்புப் பட்டு, இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டுக் கிடந்த காலத்தில் இருக்கன்குடி மாரியம்மனிடம் நேர்ந்துகொண்டது. தம்பிக்குப் பார்வை திரும்பினால், ஆயுசு உள்ளவரைக்கும் ஆடிக் கடைசி வெள்ளியன்று தாயைப் பார்க்காமல் தண்ணீர் தவிர எதையும் வாயில் வைப்பதில்லை. பார்வை வந்தது. ஒரு கண்ணில் முழுசாக, மற்றதில் நிழலாட்டமாக. அரைகுறையாகத்தானே கொடுத்தாய் என்று ஆத்தாவிடம் கேட்கிற ஆள் இல்லை கற்பகவல்லி. முழுசாகவே செலுத்திக்கொண்டு வருகிறார்.

டூர் மேனேஜர் விக்னேஷ்குமார்தான் போனில் பேசி அவரைச் சம்மதிக்க வைத்தான். அங்கேயும் மாதா கோயில் இருக்கிறதாம். வெள்ளிக்கிழமை காலையில் அரைமணி நேரம் ஒதுக்கித் தருவானாம். சாப்பாடும் சுத்த சைவம், எல்லாம் தன் பொறுப்பு என்றான். வேளாங்கண்ணிக்குப் போய்வந்தவர்தான் கற்பகவல்லி. மாதாவும் ஆத்தாதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டு, இருக்கன்குடிக்குத் தம்பியைப் போகச் சொல்லிவிட்டு, பெட்டியைக் கட்டினார்.

அந்த வெள்ளிக்கிழமை ஸ்பிளிட்டில் அடித்த வெயில் நம் ஊர் வெயிலுக்குக் கொஞ்சமும் இளைத்ததில்லை. தெருவெல்லாம் வெள்ளைக் கல் பாவி, நடந்து நடந்து கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. மேலே ஒரு வெயில், கீழே ஒரு வெயில். பழைய ராஜா ஒருவர் கட்டிய அரண்மனை மதிலுக்குள்ளேயே ஜனங்கள் குடியிருக்கிறார்கள். ஆயிரங்காலத்துத் தூணுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள். போர்வை, குழந்தைச் சட்டை, தலையணை உறை. அதை மட்டும் கற்பகவல்லி நின்று பார்த்தார். மற்றதை எங்கே பார்க்க விட்டார்கள்? நூற்பு மில்லுக்குப் பஞ்சு மூட்டை இறக்குகிற மாதிரி ஓரிடத்தில் இறக்குவதும், எண்ணுவதும், ஏற்றுவதுமாக இருந்தான் விக்னேஷ்குமார்.

கோயிலுக்கு எப்போது என்று காலையில் கேட்டார். போட்டோ முடியட்டும் மேடம் என்றான். போட்டோ என்றால் சும்மா இல்லை. கம்பெனி பேர் போட்ட பனியனை எல்லோரும் மாட்டிக்கொண்டு, பேனரைப் பிடித்துக்கொண்டு, உச்சி வெயிலில் சிரிக்க வேண்டும். ஒருவர் கண் மூடியிருந்தால் மறுபடியும் முதலில் இருந்து. அந்தப் பனியனைக் கையில் வாங்கியதுமே நைலான் என்று கற்பகவல்லிக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு விரலால் கசக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

சாத்தூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற நல்லசிவம் சிரித்தார். "மதினி, இங்கன மருந்தும் இல்ல, திரியும் இல்ல. சும்மா மாட்டுங்க."

"வெயில் இருக்குல்ல" என்றார் கற்பகவல்லி. பேனரின் ஓரத்தில் பனியன் இல்லாமல், சிரிக்காமல் நின்றார். அந்த ஒரு ஆள் சிரிக்கவில்லை என்று இன்னும் மூன்று தடவை எடுத்தார்கள்.

படம் எடுத்து முடிப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. கோயில் என்றார். சாப்பிட்டுவிட்டு என்றான். கோயிலுக்குப் போகாமல் அவர் சாப்பிட முடியாது என்பதைத்தானே ஊரில் வைத்துச் சொன்னது என்று இசக்கிப்பாண்டி அவனுக்கு மெதுவாக எடுத்துச் சொன்னார். அவர் எதையும் மெதுவாகத்தான் சொல்லுவார். கேட்கிறவர்களும் மெதுவாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

கடலைப் பார்த்த ஓட்டலில் உட்கார வைத்தார்கள். அந்த ஊர்ச் சாப்பாடு வந்தது. மற்றவர்களுக்குச் சுட்ட கணவாய் மீன், எலுமிச்சம்பழம், ஆலிவ் எண்ணெயில் பூண்டு. கற்பகவல்லி முன்னால் ஒரு தட்டுச் சோறு வைத்தார்கள். அட்டக் கறுப்பு.

"இதென்ன தம்பி, கருமருந்துல சோறு பெசைஞ்ச மாதிரி இருக்கு?"

இந்த ஊரின் பேர்போன சாப்பாடு, கணவாய் உடம்பிலிருந்து எடுத்த கறுப்பு மையில் வேகவைத்த அரிசி என்றான் விக்னேஷ்குமார். அவர் முகத்தைப் பார்த்ததும் அவசரமாகச் சேர்த்துக்கொண்டான். "கணவாயை எல்லாம் எடுக்கச் சொல்லிட்டேன் மேடம். இப்ப இது சைவம்தான்."

"பல்லியத் தூக்கிப் போட்டுட்டுப் பாலக் குடுத்தா குடிப்பியா நீ?"

நல்லசிவத்துக்குப் புரை ஏறியது. கற்பகவல்லி தட்டை நகர்த்திவைத்தார். சோறு கிடக்கட்டும், அந்தக் கோயிலுக்கு வழியைக் காட்டு, நான் போய்விட்டு வருகிறேன் என்றார். அப்போதுதான் அவன் உண்மையைச் சொன்னான்.

"இன்னைக்கு இங்க மாதாவுக்குப் பெரிய திருநாளாம் மேடம். கோயில் எல்லாம் ஒரே கூட்டம். அதான் புரோகிராம்லேர்ந்தே எடுத்துட்டேன். மூணு மணிக்கு பஸ் கிளம்பணும்."

கற்பகவல்லி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். திருநாள் என்பதற்காகச் சாமியை எடுத்துவிட்டானா? இருக்கன்குடியில் லட்சம் ஜனம் ஆற்று மணலில் வெந்து நிற்கிறது, அதைக் கூட்டம் என்று யாராவது திரும்பிப் போவார்களா? தன் ஆத்தாவும் இந்த ஊர் ஆத்தாவும் ஒரே நாளில் வாசலைத் திறந்துவைத்துக்கொண்டு கூப்பிடுகிறார்கள். நடுவில் இந்தப் பயல் பேனர் பிடித்து அரைநாளைத் தின்றிருக்கிறான். கற்பகவல்லி எழுந்தார். நாலு பேர் பார்க்கிறார்கள் என்றார் இசக்கிப்பாண்டி. பார்க்கட்டும் என்று நடந்தார். அவரும் பின்னாலேயே போனார்.

வழி கேட்க பாஷை வேண்டியிருக்கவில்லை. பூங்கொத்து வைத்திருந்த பெண்கள் எந்தச் சந்துக்குள் நுழைந்தார்களோ அந்தச் சந்தில் நுழைந்தார். குறுகலான படி ஏறினால் சின்னக் கோயில். உள்ளே பாட்டு. கற்பகவல்லி படியடியில் செருப்பைக் கழற்றிச் சுவரோரமாக விட்டார். ஒருவரும் கழற்றவில்லை என்பது அவர் கண்ணில் படவில்லை. இசக்கிப்பாண்டி கண்ணில் பட்டது. அவர் ஷூவைக் கழற்றிக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

உள்ளே பார்த்ததும் கற்பகவல்லிக்கு மறுபடியும் ஆத்திரம் வந்தது. உள்ளூர் ஜனம் முழங்காலில் நிற்கிறது. வெளியூரிலிருந்து சுற்றிப்பார்க்க வந்ததுகள் குளிக்கிற உடுப்போடு, கையில் ஐஸ்கிரீம் உருக, மாதாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படம் பிடிக்கின்றன. கற்பகவல்லி நேராகப் போய் அவர்கள் படத்துக்கு நடுவில் நின்றார். நகரச் சொல்லிக் கை காட்டினார்கள். நகரவில்லை. மெழுகுவத்தி ஒன்றை எடுத்து, கையை எட்ட நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு பற்ற வைத்தார். நெருப்பை அவர் எப்போதும் அப்படித்தான் பற்ற வைப்பார். தம்பி பேரைச் சொன்னார். இருக்கன்குடியாளே, இங்கே இப்படி இருக்கிறாயா என்று கேட்டார். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினார்.

செருப்பு இல்லை. தெருக்கூட்டுகிற ஒருவர் தள்ளுவண்டியோடு தூரத்தில் போய்க்கொண்டிருந்தார். சுவரோரம் கேட்பாரற்றுக் கிடந்ததைக் குப்பை என்று அள்ளிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார், பாவம். கோயில் வாசலில் ஒரு ஜோடிச் செருப்புக் கிடந்தால் அவருக்கு எப்படிப் புரியும்? இசக்கிப்பாண்டி தன் ஷூவை நீட்டினார். பூக்குழி இறங்கின காலுக்கு இது என்ன என்று கற்பகவல்லி வெறுங்காலோடு நடந்தார். நடக்கும்போது விரல்கள் மட்டும் கல்லில் படாமல் மேலே வளைந்துகொண்டன.

படிக்குக் கீழே ஒரு அம்மாள் கூடையில் ரொட்டி விற்றுக்கொண்டிருந்தார். பெரிய வட்ட ரொட்டி, இரண்டு அடுக்கு மாவுக்கு நடுவில் கீரையும் வெங்காயமும் வைத்துச் சுட்டு, மேலே எண்ணெயும் பூண்டும் தடவி, சாய்சதுரமாகக் கீறி வைத்திருந்தது. அந்த அம்மாள் முதலில் கற்பகவல்லியின் காலைப் பார்த்தார். பிறகு கோயிலைப் பார்த்தார். பிறகு சிலுவை போட்டுக்கொண்டார். அந்தப் பக்கத்திலும் மாதாவுக்கு நேர்ந்துகொண்டு வெறுங்காலோடு நடக்கிறவர்கள் உண்டாம். காசு எடுத்த இசக்கிப்பாண்டியின் கையைத் தள்ளிவிட்டு, இருப்பதில் பெரிய துண்டை இலைபோல ஒரு காகிதத்தில் வைத்துக் கொடுத்தார். கற்பகவல்லி மோந்து பார்த்தார். கீரைதான். மை இல்லை.

துறைமுகத்து ஓரத்தில் பேருந்து உறுமிக்கொண்டு நின்றது. விக்னேஷ்குமார் ஓடி வந்தான். எல்லோரையும் வெயிலில் காக்க வைத்துவிட்டீர்கள், ஒரு ஆளுக்காக ஒரு குரூப்பே நிற்கிறது, கம்பெனியில் எனக்குத்தான் திட்டு விழும் என்று படபடத்தான். பேருந்து ஜன்னலெல்லாம் தலைகள். கற்பகவல்லி அவன் பேசி முடிக்கிறவரைக்கும் நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"முடியாதுன்னு ஊர்ல வச்சே சொல்லியிருந்தா நான் ஊர்லயே இருந்திருப்பேன் தம்பி. எங்க ஆத்தா முன்னால போய் நின்னுருப்பேன். நீ ஒவ்வொரு தடவையும் சரி மேடம், சரி மேடம்னியே. மனுசி பட்டினியா கெடக்கான்னு தெரிஞ்சும் சரின்னியே. அந்தச் சரியத்தான் என்னால பொறுக்க முடியல."

விக்னேஷ்குமார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். ஜன்னலில் இருந்த நல்லசிவம், "மேனேஜரு, சும்மா இருமய்யா" என்றார். அவர் அப்போது சிரிக்கவில்லை.

சரி, இப்போதாவது ஏறி உட்கார்ந்து சாப்பிடுங்கள் மேடம் என்று அவன் தணிந்தான். ஆனால் விரதத்தை அப்படி ஓடுகிற வண்டியில் முடித்துவிட முடியாது. முதல் கவளம் காக்கைக்கு. அது கொத்தின பிறகுதான் விரதம் இருந்தவர் வாயில் வைப்பது. கற்பகவல்லி கடலோரக் கைப்பிடிச் சுவருக்குப் போனார். ரொட்டியின் ஓரத்தைப் பிட்டு, கீரை தெரிகிற மாதிரி சுவரின்மேல் வைத்தார். அண்ணாந்து பார்த்தார். காக்கை ஒன்றையும் காணோம். ஆனாலும் கூப்பிட்டார், நம் வீட்டு மொட்டை மாடியில் நின்று கூப்பிடுகிற அதே குரலில், கா கா என்று. படகுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காலுக்குக் கீழே கல் கொதித்தது. இசக்கிப்பாண்டி ஷூவைக் கையில் பிடித்தபடி, கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு, அவரும் மெதுவாகக் கா என்றார்.

வெள்ளையாக, கோழி அளவுக்கு ஒரு கடற்பறவை பாய்மரத்திலிருந்து இறங்கிச் சுவரில் உட்கார்ந்து, கழுத்தை ஒருபக்கமாய்ச் சாய்த்து ரொட்டியைப் பார்த்தது. பேருந்து ஹாரன் நீளமாக அடித்தது. கற்பகவல்லி பறவையிடமிருந்து கண்ணை எடுக்காமல், முதுகுக்குப் பின்னால் பேருந்தைப் பார்த்து இடது கையை விரித்துக் காட்டினார், நில் என்று.