என் பாடு இல்லாத நாள்

ஓரிடத்தில் உட்காரச் சொன்னால் எனக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊரும். பள்ளியில் டென்னிஸ் அணி தொடங்குகிறார்கள் என்றதும் முதல் ஆளாகப் பேர் கொடுத்ததற்கு அதுதான் காரணம். டென்னிஸ் எப்படி ஆடுவது என்றுகூட அன்றைக்குத் தெரியாது. ஓடலாம் என்று தெரிந்தது, அது போதும்.

சேர்ந்தது ஐந்து பெண்கள். நாங்கள் நாலு பேர் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களைச் சேர்ந்தவர்கள். ஐந்தாவது, உள்ளே தள்ளி நெல் விளைகிற ஊரிலிருந்து வந்த ஓர் அக்கா, பன்னிரண்டாம் வகுப்பு. உருப்படியான மட்டை இரண்டுதான். முதல் நாளே சண்டை. மறுநாள் சீட்டுக் குலுக்கிப் பாடு வைத்துவிட்டோம்.

எங்கள் வீடுகளில் அதுதான் வழக்கம். ஏரியில் மீன் நன்றாகப் படுகிற இடங்கள் கொஞ்சம். அதனால் இன்றைக்கு இவர், நாளைக்கு அவர் என்று முறை பிரித்துக்கொள்வார்கள். அந்த முறைதான் பாடு. உன் நாளில் வலை காலியாக வந்தால் அது உன் தலையெழுத்து. அடுத்தவர் நாளில் போய் வலை போட்டால் ஊரே காறித் துப்பும்.

மாஸ்டர் வெளியூர்க்காரர். "நல்லா ஆடறவங்கதான் ஆடணும். இது இன்னா, வாசல் பெருக்கற முறைவாசலா?" என்று சிரித்தார். பாடுதான் சார் நியாயம் என்று அவரோடு மல்லுக்கு நின்றவளே நான்தான். அப்போது எனக்குச் சரியாக ஆட வராது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

ஆறே மாதத்தில் மற்ற நாலு பேரையும் தோற்கடிக்கத் தொடங்கிவிட்டேன். அதற்குப் பிறகு என் முறைக்காகக் காத்திருப்பது நரகமாக இருந்தது. அக்கா பந்தை வலையில் அடிக்கும்போதெல்லாம் வெளியே என் கை தானாக வீசும். "கொஞ்சம் சும்மா நில்லுடி, எனக்குப் பதட்டமா கீது" என்பாள்.

பொன்னேரியில் நடந்த போட்டியில் இறுதி வரை வந்துவிட்டோம். தனி ஆட்டம் ஒன்று, இரட்டையர் ஒன்று, மறுபடி தனி ஆட்டம் ஒன்று. நாலு பேர்தான் ஆட முடியும். அன்றைக்குப் பாடு இல்லாதவள் நான். முதல் ஆட்டம் ஜெயித்தோம், இரட்டையரில் தோற்றோம். மூன்றாவது அக்காவுடையது. அவள் தலையை இழுத்துக் கட்டிக்கொண்டு வேலிக்கு வெளியே யாரையோ தேடிக்கொண்டிருந்தாள். நான் பெஞ்சில் உட்காருவதும் எழுவதுமாக இருந்தேன். கடைசி ஆட்டத்துக்குப் பேர் கொடுக்க இன்னும் நேரம் இருந்தது. எழுந்து மாஸ்டரிடம் போனேன்.

"சார், நான் எறங்கறேன். அக்கா தோத்துடும்."

அவள் காதில் விழும்படிதான் சொன்னேன். மாஸ்டர் அவளைப் பார்த்தார். "சரி சார்" என்று சொல்லி, அக்கா மட்டையை என்னிடம் நீட்டினாள். மற்ற மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். எனக்கு அப்போது வெட்கமே இல்லை. கால் தரையில் நிற்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஜெயித்தேன். நன்றாகவே ஆடினேன். வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் கம்பி வேலிக்கு வெளியே நின்றுகொண்டு, நான் எடுத்த ஒவ்வொரு புள்ளிக்கும் கை தட்டினார். யாரோ ஆட்டம் தெரிந்தவர் போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் அலட்டிக்கொண்டு ஆடினேன்.

கோப்பையை வாங்கிக்கொண்டு வந்தபோது அவர் அக்காவின் பக்கத்தில் நின்றிருந்தார். கணுக்கால் வரை காய்ந்த சேறு.

"நல்லா ஆடினேம்மா" என்றார் என்னிடம். பிறகு அவளைப் பார்த்து, "உன் ஆட்டம் எப்போ? நடவைப் பாதியில வுட்டுட்டு வந்தேன்" என்றார்.

"இன்னிக்கு என் பாடு இல்ல நைனா" என்றாள் அக்கா. "நீ நாள் தப்பா வந்துட்ட. அடுத்த வாட்டி வா."

அவள் அப்பா சரியென்று தலையாட்டி, பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார். அதுதான் அந்த வருஷத்தின் கடைசிப் போட்டி. பரீட்சை முடிந்தால் அவள் பள்ளியிலேயே இருக்க மாட்டாள். அது எங்கள் ஐந்து பேருக்கும் தெரியும்.

கோப்பையை யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்று திரும்பினேன். ஒருத்தியும் கை நீட்டவில்லை.